சீசன் முடியட்டும்

பிள்ளைகளே, குற்றாலம் என்றாலே அப்பா ஏன் முகம் சுளிக்கிறார் என்று கேட்பீர்களே, சொல்கிறேன்.

அறுபதுகளில் நான் தென்காசியில் வாடகைக் கார் ஓட்டினேன். எங்கள் ஊர் டாக்டர் ஒருவருக்கு லண்டன் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை பழக இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். பாஸ்போர்ட்டுக்கு ஓர் அதிகாரியின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவரோ சாரலுக்குக் குற்றாலம் வந்துவிட்டார். டாக்டரை அங்கே கூட்டிப்போனேன்.

அதிகாரி அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கச் சொல்லிக் குப்புறப் படுத்திருந்தார்.

“டாக்டரா? முதுகுல ஒரு கட்டி உயிரை வாங்குது. அதை மொதல்ல பாரும்வே.”

டாக்டர் பையைத் திறந்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டியைக் கீறிச் சீழெடுத்துக் கட்டுப் போட்டார். பிறகு காகிதத்தை நீட்டினார்.

“ஐயா, மாசக் கடைசியில இடம் போயிரும்.”

அதிகாரி சிரித்தார். “உம்ம கை இம்புட்டுச் சுகமா இருக்கு. உம்மை வெள்ளைக்காரன்கிட்ட அனுப்பிட்டு நாங்க எங்கன போவோம்? சீசன் முடியட்டும், பாப்போம்.”

அந்த இடம் வேறு ஆளுக்கே போய்விட்டது.

அன்று திரும்பும் வழியில் டாக்டர் காரை நிறுத்தச் சொல்லி, வாய்க்காலில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நானும் இறங்கிக் கழுவினேன். அந்த ஆளை நான் தொடக்கூட இல்லை.