கருப்பர் வாசலில் கிடைத்த பன்னிரண்டாம் பக்கம்

என் மகள் பவித்ரா பன்னிரண்டாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுத வேண்டிய அன்று ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கிடந்தாள். மஞ்சள் காமாலை. கண்ணு, நகம் எல்லாம் மஞ்சள். "அம்மா, மணி என்ன? உயிரியல் ஆரம்பிச்சிருப்பாகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினேன்.

கருப்பரை நம்பி வாழ்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. என் பெயர் தமிழ்ச்செல்வி. மதுரையில் கே.கே. நகருக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் பால் எடுத்து மதுரைக்குக் கொண்டுவரும் வேனை ஓட்டுகிறார். பவித்ரா சின்னப் பிள்ளையிலிருந்தே லீவு நாளில் அந்த வேனில் ஏறிக்கொள்வாள். ஒரு நாள் வேன் ரிப்பேராகி நடுரோட்டில் நின்றதில் அத்தனை பாலும் திரிந்துவிட்டது. ஓடைக்கரையில் அதைக் கொட்டும்போது இவள் அழுதாளாம். "பால் ஏம்ப்பா கெட்டுப்போகுது? கெடாம வைக்க முடியாதா?" என்று கேட்டாளாம். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். பால்வளத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்தப் படிப்பு இருக்கிற பல்கலைக்கழகத்தின் பெயர்கூட அவளுக்கு மனப்பாடம்.

அந்த வருடம் ப்ராஸ்பெக்டஸ் வெளிவந்ததும் என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு ஒரு பக்கமாகப் பிரிண்ட் எடுத்து, சுருள் கம்பி போட்டு, தங்கத்தைக் கொண்டுவருவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். பவித்ரா அப்போது படுக்கையை விட்டு எழவில்லை. தலையைத் தூக்கினாலே குமட்டல்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும். புதுசாக எந்தக் காகிதம் வந்தாலும், பத்திரமோ, பத்திரிகையோ, பேங்க் பாஸ்புக்கோ, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். ப்ராஸ்பெக்டஸையும் அப்படியே வைத்தேன். காரியம் முடியும்வரை அதை எடுக்கவும் கூடாது, புரட்டவும் கூடாது. இது எங்கள் அம்மா வீட்டுச் சட்டம். தினமும் காலையில் விளக்கேற்றி, அதன் மேல் ஒரு செம்பருத்தி வைத்து, "கருப்பா, என் மகளை அந்தப் படிப்புல சேர்த்து விட்டுரு" என்று கேட்பேன்.

ரிசல்ட் வந்தது. மற்ற பாடங்களில் எல்லாம் அருமையான மார்க். உயிரியலில் மட்டும் 'வரவில்லை'. ஜூன் மாதம் துணைத் தேர்வு எழுதலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதற்குப் பணம் கட்டினோம், ஹால் டிக்கெட்டும் வந்தது. நெஞ்சில் கொஞ்சம் தெம்பு வந்த நேரத்தில் என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, வந்து உட்கார்ந்தார்.

"துணைத் தேர்வு எழுதுன புள்ளைகள எல்லாம் அங்க எடுக்க மாட்டாக, செல்வி. எங்க நாத்தனா மகளுக்கு இதே கதிதான். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாக. எதுக்கு அலையுற? தை பொறந்தா பவித்ராவுக்குப் பதினெட்டு முடியுது. எம் மகன் சரவணனுக்கே முடிச்சிருவோம். வெளிய குடுக்குறதுக்கு நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

மதினி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு மூன்று வேளையும் சோறு கொண்டுவந்தவர் அவர்தான். சரவணனும் நல்ல பையன். அதனால்தான் எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. என் வாய்க்கு அது அதிசயம் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். என் வீட்டுக்காரர், "அக்கா விசாரிக்காமலா சொல்லும்?" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பவித்ரா மெதுவாக எழுந்துவந்து ப்ராஸ்பெக்டஸைத் தொட்டாள். நான் தையல் மிஷினில் இருந்தபடியே கத்தினேன். "ஏய், கைய எடு! சாமிக்கு வச்சத எடுக்காத! ஏற்கனவே பட்டது பத்தாதா?" அவள் கையை எடுத்துக்கொண்டாள். "சரிம்மா. எப்படியும் எடுக்க மாட்டாகளாம். அதுக்குள்ள என்ன இருந்து என்ன?" என்று போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்தக் குரலில் உயிரே இல்லை. மஞ்சள் காமாலை தின்றது போக மிச்சமிருந்த பிள்ளையை இந்த ஒரு வார்த்தை தின்றுகொண்டிருந்தது. அவள் சாப்பிடவில்லை. படிக்கவில்லை. துணைத் தேர்வுக்கான புத்தகம் தலைமாட்டில் அப்படியே கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பால் இறக்கிவிட்டு வந்த வேனிலேயே மூன்று பேரும் அழகர்கோவிலுக்குக் கிளம்பினோம். பதினெட்டாம்படிக் கருப்பருக்கு அங்கே உருவம் கிடையாது, உங்களுக்குத் தெரியும். சாத்தியிருக்கும் அந்தப் பெரிய கதவுதான் கருப்பர். சந்தனம் மணக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது. ஊர் வழக்கெல்லாம் அங்கேதான் தீரும். என் வழக்கையும் அங்கேயே கொண்டுபோவோம் என்று நினைத்தேன். மஞ்சப்பையில் தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், அதோடு ப்ராஸ்பெக்டஸ். கருப்பர் காலடியில் அதை வைத்து, "சேர்த்து விடு, இல்லை என்றால் நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் திட்டம்.

வேனை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்திருப்போம். பூக்கடைக்காரர், "யக்கா, பைய மூடிப் புடிங்க, அந்தா ஒருத்தன் கண்ணு வச்சுட்டான்" என்றார். யார் என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் குரங்கு பையைப் பிடுங்கிவிட்டது. ஒரே தாவில் மதில் மேல் ஏறிவிட்டது. பழத்தை உரித்து நிதானமாகத் தின்றது. தேங்காயை உருட்டிவிட்டது. பிறகு ப்ராஸ்பெக்டஸை எடுத்து மோந்து பார்த்தது. மஞ்சள் வாசனை பிடித்ததோ என்னவோ, சுருள் கம்பியைப் பல்லால் கடித்து இழுத்தது. தாள் தாளாகக் காற்றில் பறந்தது.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை ஜனத்துக்கு நடுவில் கருப்பரை வைதேன். "உன் வாசலுக்கு வந்தவளுக்கு நீ செய்ற நியாயம் இதுதானா? தெனமும் பூ வச்சேனே, கையால ஒரு தாளக்கூடப் பொரட்டாம காப்பாத்துனேனே, குரங்க விட்டுக் கிழிக்கிறியே, உனக்குக் கண்ணு இருக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், "எந்திரி, எல்லாரும் பாக்குறாக" என்றார். பார்க்கட்டும் என்றேன்.

பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டிருந்த ஒரு குடும்பம், பூக்கடைக்காரர், இளநீர் வெட்டுகிறவர் என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓடித் தாள்களைப் பொறுக்கிக்கொண்டுவந்து பவித்ரா மடியில் போட்டார்கள். அவள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பக்க எண் பார்த்து அடுக்க ஆரம்பித்தாள். அடுக்க வேண்டும் என்றால் பார்க்க வேண்டும். பார்த்தால் கண் வாசிக்காமல் விடுமா?

கொஞ்ச நேரத்தில், "அம்மா, போட்டோவுக்குப் பின்னால வெள்ளையா இருக்கணுமாம். நம்ம எடுத்தது பச்சை" என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில், "அப்பா, முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டிருக்காக. நம்ம வாங்கவே இல்லையே" என்றாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சேர்க்கவே மாட்டாகளாம், போட்டோ வெள்ளையா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன?" என்று எரிந்து விழுந்தேன். அவள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"அம்மா, இங்க பாரு."

பதினொன்றாம் பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. 'துணைத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு'. அதோடு பக்கம் முடிந்துவிட்டது. அடுத்து அவள் கையில் இருந்தது பதின்மூன்றாம் பக்கம். பன்னிரண்டைக் காணோம்.

இத்தனை நாள் பூ வைத்துக் கும்பிட்டேனே, அந்தப் பூவுக்கு நேர் கீழேயே என் மகளுக்கான பதில் இருந்திருக்கிறது. மூடி வைத்தது யார்? நான்தான். இப்போது தேடினால் அந்த ஒரு தாள் மட்டும் இல்லை. மரத்தடியில் தேடினோம். வேனுக்கு அடியில் தேடினோம். என் வீட்டுக்காரர் சாக்கடை ஓரமெல்லாம் குனிந்து பார்த்தார். குரங்கு மதிலை விட்டு எப்போதோ போயிருந்தது.

கடைசியில் நான் தேடுவதை விட்டுவிட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை வையவில்லை. சேர்த்து விடு என்றும் கேட்கவில்லை. "அதுல என்ன எழுதிருக்குன்னு மட்டும் காட்டிக் குடுத்துரு சாமி. இல்லேன்னு இருந்தாலும் சரி, என் மக தெரிஞ்சுக்கிறட்டும்" என்றேன். கண்ணை மூடி, விழுந்து கும்பிட்டு, கையை ஊன்றி எழுந்தேன். என் கைக்குப் பக்கத்தில், கதவடியில் குவிந்து கிடந்த எலுமிச்சம்பழத்துக்கும் மாலைக்கும் நடுவில், ஒரு வெள்ளைத் தாளின் ஓரம் தெரிந்தது. இழுத்தேன். ஓரத்தில் சந்தனம் அப்பியிருந்தது. அடியில் எண் பன்னிரண்டு.

காற்றுதான் கொண்டுபோய்ப் போட்டது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அதில் சண்டை இல்லை. அத்தனை பெரிய கோவிலில் காற்றுக்கு எம்புட்டு இடம் இருந்தது! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. "பவித்ரா!" என்று நான் போட்ட சத்தத்தில் புறா எல்லாம் பறந்தது.

அவள் அங்கேயே நின்று, கருப்பருக்கும் கேட்கட்டும் என்பது போலச் சத்தமாக வாசித்தாள். அதே வருடத்தில் துணைத் தேர்வு எழுதுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். ஹால் டிக்கெட்டை வைத்துக் கடைசி நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். மார்க் பட்டியலைக் கலந்தாய்வுக்கு முன்னால் கொடுத்தால் போதும். வாசித்து முடித்ததும் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். அவள் அப்பா கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர் கையை இறக்கவே இல்லை.

"என்னங்க, கடைசி நாள் என்னைக்கு?" என்று கேட்டேன். முதல் பக்கத்தில் போட்டிருந்தது. திங்கட்கிழமை. மூன்று நாள் கழித்து வந்திருந்தால் அந்தப் பக்கம் கிடைத்தும் பிரயோசனம் இல்லை. உங்களுக்கு இது என்னவோ, எனக்கு இதுதான் அற்புதம்.

நேராக ஸ்டுடியோவுக்குப் போய் வெள்ளைத் துணிக்கு முன்னால் போட்டோ எடுத்தோம். ஜெராக்ஸ் கடைத் தம்பி கம்ப்யூட்டரில் பதிவு செய்தார். சந்தனம் அப்பிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பவித்ரா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் அங்கேயே விண்ணப்பித்தோம். அந்தச் சீட்டை இப்போது இணைத்துவிட்டுப் பிறகு அசலைக் கொடுக்கலாம் என்பதும் அதே ப்ராஸ்பெக்டஸில்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் என் மகள் தட்டு நிறையச் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு உயிரியல் புத்தகத்தை எடுத்தாள்.

துணைத் தேர்வில் நல்ல மார்க். கலந்தாய்வில் இடம் கிடைத்தது. இப்போது அவள் விடுதியில் தங்கி இரண்டாம் வருடம் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் அப்பாவோடு வேனில் ஏறிக்கொண்டு, கேனைக் கழுவுகிற விதம் சரியில்லை என்று உசிலம்பட்டி வரைக்கும் அவரைப் படுத்தி எடுக்கிறாள்.

மதினி பிறகு விசாரித்துவிட்டு வந்து சொன்னார். அவர் நாத்தனார் மகள் போனது வேறு ஒரு காலேஜாம், அதுவும் எத்தனையோ வருடத்துக்கு முன்னால். "எனக்கு என்னத்தா தெரியும், கேட்டதச் சொன்னேன்" என்றார். "கும்பிட்டுக்கிட்டே இருந்த எனக்கே தெரியலையே மதினி" என்று நான் சிரித்தேன். கருப்பர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே குரங்கை வைத்துத் திருத்திவிட்டார்.

போன மாதம் மதினி மறுபடியும் வந்தார். கையில் ஒரு ப்ராஸ்பெக்டஸ், அவருடைய சின்ன மகளுக்காக. "உன் கைராசி நல்ல கைராசி. மஞ்சள் வச்சுக் குடு செல்வி" என்றார். நான் விளக்கை ஏற்றினேன். மஞ்சள் கிண்ணத்தையும் எடுத்து வைத்தேன். ஆனால் தொடவில்லை. "உக்காருங்க மதினி. முதல்ல இத வாசிச்சு முடிப்போம்" என்றேன்.

அவர் மகள் சத்தமாக வாசித்தாள். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி வாசித்தாள். யார் சேரலாம், என்ன சான்றிதழ் வேண்டும், எது கடைசி நாள் என்று மதினி விரல் விட்டு எண்ணிக் கேட்டுக்கொண்டார். விளக்குக்கு இரண்டு தடவை எண்ணெய் விட்டேன். கடைசி வரி முடிந்த பிறகுதான் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன்.

என் அருமை மக்களே, உங்கள் கஷ்டம் எதுவாக இருந்தாலும் கருப்பரிடம் கொண்டுபோங்கள். அழுங்கள், வையக்கூடச் செய்யுங்கள், அவர் தாங்குவார். ஆனால் அவர் முன்னால் வைக்கிற காகிதத்தை ஒரு தடவை திறந்து வாசித்துவிட்டு வையுங்கள். எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் இப்போது ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. சந்தனம் காய்ந்து உதிர்ந்தும் வாசனை போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் அதை எடுத்து வாசிக்கலாம்.