சங்கரா மீன் நாறிய நாள்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லாஸ்பேட்டையில் எங்களோடு தங்கி ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபராக இருந்தார். ஒரு கம்பெனி பிள்ளைச்சாவடிக் கடலுக்குள் ரகசியமாகக் குழாய் போட்டுக் கழிவைக் கொட்டுகிறது என்று அவர் எழுதியதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. உள்ளே வேலை செய்கிற ஆள்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும், அது யார் என்று கேட்டு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

“சொல்ல முடியாது சார். சேதி குடுத்தவங்க பேர வெளிய விடாம இருக்க நிருபருக்கு உரிமை இருக்குன்னு ஐ.நா.விலயே ஒத்துக்கிட்டிருக்காங்க” என்றார் மாமா.

“ஐ.நா. எங்க ஸ்டேஷன் எல்லையில வராது தம்பி” என்றார் இன்ஸ்பெக்டர், அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே.

மறுநாள் காலை எதிர் டீக்கடையில் ஒருவர் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் போலீஸ் போடும் சிவப்புத் தொப்பி இல்லாவிட்டாலும் அவர் போலீஸ்காரர் என்று தெருவுக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து பிள்ளைச்சாவடி மீன்காரம்மா வந்து கூடையை இறக்கினார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வாடிக்கை. எப்போதும் அக்கா என்று கூப்பிடும் மாமா வாசலுக்குப் பாய்ந்தார்.

“நேத்து குடுத்த சங்கரா நாறிப்போச்சு. இனிமே இந்தத் தெருவுல கால் வைக்காத!”

“எம் மீனா நாறுது? செவுள தூக்கிப் பாருய்யா!” என்று தொடங்கி அந்தம்மா திட்டிய திட்டில் தெருவே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் சிரித்ததில் போலீஸ்காரரும் சேர்ந்துகொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மீனில் இரண்டு துண்டு தின்றவள் நான். அடுத்த முறை வந்த இன்ஸ்பெக்டரிடமே முறையிட்டேன்.

“மாமா பொய் சொல்றாரு சார். மீனு நல்லாத்தான் இருந்துச்சு.”

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டரோ விழுந்து விழுந்து சிரித்தார். “மீனப் பத்தியே உண்மை சொல்லாதவன் பேப்பர்ல என்னத்த எழுதுவான்!”

குழாய் மூடப்பட்டு, இன்ஸ்பெக்டரும் மாற்றலாகிப் போன பிறகு மீன்காரம்மா மறுபடி வந்தார். கூடையிலேயே பெரிய வவ்வால் மீனை எடுத்து மாமாவிடம் நீட்டினார். காசு வாங்கவில்லை.

“உங்களுக்கு ரோஷமே இல்லியா?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு எம் மீனு நாறினதாலதான் கண்ணு, எம் புள்ள இன்னும் அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போறான்” என்றார், குரலைத் தாழ்த்தி.

நாறாத மீனுக்கும் கம்பெனி வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. திட்டு வாங்கியும் மீன் கொடுக்கிறாரே என்று அந்தம்மா மேல்தான் கோபம் வந்தது. அன்று எல்லோரும் வவ்வால் வறுவல் சாப்பிட, நான் மட்டும் அவருக்காக ரோஷப்பட்டு வெறும் ரசம் சோறு தின்றேன்.