அன்னம்மாவுக்கு உண்டு, பிரெண்டலுக்கு இல்லை

வலக்கை மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு மணிக்கூட்டுக்காரரின் நெற்றியில் ஒற்றிவிட்டு, "இந்தக் கிழமை உங்களுக்குத் தூசி கூடிப்போச்சு, ஐயா" என்கிறார் குணவதி அக்கா. மணிக்கூட்டுக்காரர் இருப்பது சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள். அக்கா அடுத்த படத்துக்கு நகர்கிறார்.

இங்கிலாந்தில் ஆல்டர்விக் என்றொரு சந்தையூர். அங்கிருந்து உலகின் மறுமுனைத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் சங்கமாகச் சேர்ந்து இங்கே ஒனிஹங்காவில் ஒரு மர மண்டபம் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் பேர் பெற்றவர்கள் அதன் சுவரில் வரிசையாகத் தொங்குகிறார்கள். மண்டபத்தைத் துப்புரவு செய்வது அக்கா. வெள்ளிக்கிழமை கூட்டித் துடைத்து முடிந்ததும் படங்களுக்குப் பொட்டு வைப்பார். சனி காலையில் துடைத்துவிடுவார். செத்தவர்களின் படத்தை வெறும் நெற்றியோடு விட்டால் அது வீடா, ஆஸ்பத்திரி நடையா என்பது அவர் கேள்வி.

சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சாம்பல் நிறக் கார்டிகன், காலில் ஓடுகிறவர்களின் சப்பாத்து. மண்டபச் சாவியைக் கார்டிகனில் சட்டைப்பின் ஊசியால் குத்தியிருப்பார். ஒடாஹுஹுவில் இருந்து பஸ்ஸில் வருவார், இறங்கும்போது சாரதிக்கு உரத்து ஒரு 'தாங்க் யூ', அதைத் தொடர்ந்து, "பாத்து ஓட்டு ராசா." இத்தனைக்கும் அந்தச் சாரதி சமோவாக்காரர். மண்டபத்துப் பெரியவர்களுக்கும் அக்கா தன் வசதிக்குப் பெயர் வைத்திருக்கிறார். ஊருக்கு மணிக்கூடு செய்து கொடுத்தவர் 'மணிக்கூட்டுக்காரர்'. தெருவில் நின்று பிரசங்கம் செய்து கல்லெறி வாங்கியவர் 'சாமியார்'. ரொட்டி விலை ஏறிய வருடம் பெண்களைத் திரட்டிப்போய்ச் சந்தையில் கோதுமை மா வண்டியைக் கவிழ்த்து, மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணிய ஹன்னா, 'அன்னம்மா'. அன்னம்மாவின் பொட்டு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிது.

கடைசிப் படம் ஜோசையா பிரெண்டல், தானிய வியாபாரி. நீண்ட நாளாக அவருக்கும் பொட்டு இருந்தது. ஒரு சனிக்கிழமை, பின்னறையில் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முடிந்த நேரம், படங்களின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா என்னிடம் கேட்டார். வாசித்துச் சொன்னேன். விளைச்சல் பொய்த்த வருடத்தில் பிரெண்டல் தன் களஞ்சியத்தைப் பூட்டி, விலை ஏறும்வரை பொறுத்திருந்தார். அந்த முன்யோசனையின் பலனாக ஊருக்கு ஒரு சந்தைக் கட்டடம் எழும்பியது. அக்கா மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு, மற்றப் படங்களுக்கு முன்னதாக, கார்டிகன் நுனியால் பிரெண்டலின் நெற்றியைத் துடைத்துவிட்டார்; அதற்குப் பிறகு அவருக்குப் பொட்டு வைக்கவில்லை.

அதோடு போயிருக்கும். ஆனால் புரட்டாசியில் நவராத்திரி வந்தது. நவராத்திரிக்குள் வைத்த பொட்டை அழிக்கக்கூடாது என்று அக்கா அந்தச் சனி துடைக்கவில்லை. மத்தியானம் தேநீருக்கு வந்த அங்கத்தவர்கள் சுவரைப் பார்த்துத் திகைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு பொட்டுகளை எண்ணத் தொடங்கினார்கள். சங்கச் செயலாளரும் ஒரு பிரெண்டல். உன் பூட்டனார் மட்டும் பரீட்சையில் தவறிவிட்டாரே என்று கேக்கைக் கடித்தபடி எல்லோரும் அவரைப் பகிடி பண்ணினார்களாம்.

அடுத்த சனி அக்காவுக்கு மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். ஆங்கிலேயர் ஒருவர் என் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்தால், வரப்போவது நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரியும். செயலாளர் பிழையில்லாமல் உச்சரித்தார். பொட்டு வைத்ததில் தனக்குக் குறையில்லை, ஒருவரை விலக்கியதுதான் அவமானம் என்றார். பூட்டனாருக்கும் ஒன்று வைத்துவிட்டால் எல்லாம் மறந்தாயிற்று; இல்லையென்றால் சாவியைத் தரவேண்டும். சாவி போனால் அக்காவின் வேலை போகும், எங்கள் வகுப்பின் பின்னறையும் போகும்.

நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்போடு என் கெஞ்சலையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு பொட்டுத்தானே அக்கா, அதுவும் கண்ணாடியில்தானே.

"கண்ணாடியில இல்லைத் தம்பி, என்ர விரலில."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் அதை மொழிபெயர்க்குமுன் அக்கா தொடர்ந்தார்.

"யாழ்ப்பாணத்தில சண்டை நேரம், பொருளாதாரத் தடைக் காலத்தில, மண்ணெண்ணெய் இல்லையெண்டு கடையைப் பூட்டினவன்ர பின்வளவுக்குள்ள பீப்பா அடுக்கியிருந்ததை நான் கண்டனான். அவன் பிறகு கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவன். அந்த மணி அடிச்சால் நான் கும்பிடுறேல்லை. இவருக்குச் சொல்லும்."

சொன்னேன். மண்ணெண்ணெய்க்கு ஆங்கிலச் சொல் ஒருகணம் வாயில் வரவில்லை. செயலாளர் திரும்பிப் பூட்டனாரின் படத்தைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

அக்கா சட்டைப்பின்னைக் கழற்றினார். சாவியை அந்தக் கையில் வைக்கவில்லை. மேசையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். மணிக்கூட்டுக்காரர், சாமியார், அன்னம்மா. வழக்கம்போல் ஒவ்வொருவராக. பிரெண்டலின் படத்தைக் கடந்து வந்து செயலாளரின் முன்னால் நின்றார்.

"பூட்டன் செய்ததுக்கு இவர் என்ன செய்யிறது. இவருக்கு வைப்பன்."

இதையும் மொழிபெயர்த்தேன். செயலாளர் ஆறடிக்கு மேல். அக்கா அவர் நெஞ்சுக்குத்தான் வருவார். மோதிர விரலில் சந்தனம் ஈரமாக இருந்தது. அக்கா குதிக்காலை உயர்த்தவில்லை. விரலைத் தன் கண்மட்டத்தில் நீட்டிப் பிடித்தபடி, அவர் குனியட்டும் என்று நின்றார்.