பச்சை வண்டிக்கு விட்ட வழி

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்தைக் கூட்டி வாசிப்பேன். எழுதினால் வரி ஏறி இறங்கும். ஆனால் செல்போனில் கார் ஓட்டுவதில் விளாங்குடியில் எங்கள் தெருவில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. எதிர்வீட்டுக்காரியின் மருமகன், பேங்கில் வேலை பார்க்கிறவர், மூன்று தடவை என்னோடு ஓட்டித் தோற்றார். அதுவரைக்கும் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டவர், அன்றைக்கிலிருந்து அம்மா என்று மாற்றிக்கொண்டார். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பொம்மை விளையாட்டுத்தான். எட்டு வண்டி ஓடும். வண்டி என்றால் கூரை கிடையாது, கதவு கிடையாது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் டப்புக்கு நாலு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். முயல் ஓட்டும், தவளை ஓட்டும், கண்ணாடி போட்ட ஆமை ஒன்று ஓட்டும். எனக்கு ஒரு குண்டு யானை, சிவப்பு வண்டி. "உனக்கு இதுதாம்மா சரி, யாருக்கும் வழி விடாது" என்று என் மகள் எடுத்துக் கொடுத்தது.

ரோடு கடலுக்கு அடியில் போகும், மேகத்துக்கு மேலே போகும், கேக்குக்கு மேலேயும் போகும். வழியில் பெட்டி தொங்கும். முட்டினால் உள்ளேயிருந்து ஏதாவது வரும். சோப்புத் தண்ணி வந்தால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுகிற மாதிரி ஊற்றலாம். தேன்கூடு வந்தால் முன்னால் போகிறவன் மேல் எறியலாம். பள்ளத்தில் விழுந்தால் ஒரு கொக்கு பறந்து வந்து சட்டையைக் கவ்வித் தூக்கி, மறுபடி ரோட்டில் வைத்துவிட்டுப் போகும். யாருக்கும் கால் ஒடியாது. இன்னொன்றும் உண்டு. கடைசியில் போகிறவனுக்குத்தான் பெட்டியில் நல்ல சாமான் வரும். முதலில் போகிறவனுக்கு வெறும் சோப்புத் தண்ணிதான். நான் பிழைத்திருக்கிற அறுபத்தெட்டு வருசத்தில், கடைசியில் நிற்கிறவனுக்கு நல்லதை எடுத்துக் கொடுக்கிற இடம் இது ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அது பிடித்துப்போனதற்கு வேறு காரணமும் இருக்கிறது. நான் பிறந்தது சமயநல்லூர்ப் பக்கம். என் அப்பா பந்தய மாடு வைத்திருந்தார். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்ததும் சாணி அள்ளியதும் நான். ஆனால் பொம்பளைப் பிள்ளை நுகத்தடியைத் தாண்டக் கூடாது, வண்டியில் ஏறக் கூடாது, பந்தயத்தன்றைக்கு மாட்டுக்கு எதிரே வரக் கூடாது. ரோட்டோரம் புளியமரத்தடியில் நின்று பார்க்கலாம், அம்புட்டுத்தான். அதனால் மகள் போனைக் கையில் கொடுத்து "ஓட்டும்மா" என்று சொன்னபோது அதை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கயிறு என் கைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

அப்பா பந்தயத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் பின்னால் நான் செய்தது விளங்கும். அப்பாவுக்கும் என் தாய்மாமனுக்கும் ஒரு வரப்புத் தகராறில் ஆறு வருசம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு பந்தயத்தில் ரெண்டு பேர் வண்டியும் ஒன்றாக வந்தது. எல்லைக் கொடிக்கு நாலு மாட்டு நீளம் இருக்கும்போது அப்பா கயிற்றை இழுத்துப் பிடித்தார். மாமன் வண்டி முந்திப் போனது. ஊரே பார்த்தது, ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் மாமன் எங்கள் வீட்டுக்கு வந்து கையைக் கழுவி, இலை முன்னால் உட்கார்ந்தார். "கறியை அள்ளி வை" என்றார் அப்பா. அதோடு முடிந்தது. தப்புத்தான் என்று வாயால் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அது வராது.

மகள் எனக்குக் கல்யாணமாகி பதினாலு வருசம் கழித்துப் பிறந்தவள். அவள் அப்பா போன பிறகு நானும் அவளும்தான். கொரோனா வந்தபோது ஆபீஸை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சென்னையில் இருந்தவள் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து நடுவீட்டில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. டீயைக் குடித்துவிட்டு ரெண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு போனில் ஓட்டுவோம். அவளுக்குப் பச்சை வண்டி, முயல். வண்டிக்கு மேலே பேர் தெரியும். நான் வாசிக்க வேண்டும் என்று, வீட்டில் கூப்பிடுகிற பேரைத் தமிழிலேயே அடித்து வைத்திருந்தாள்.

"ஏம்மா, பெத்த மக மேல தேன்கூட்ட எறியிறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

"பந்தயத்துல என்னடி தாயி, மக? தள்ளுடி அங்கிட்டு."

அப்படி ஒரு வருசம் போனது. என் வாழ்க்கையில் நல்லதென்று எடுத்து வைக்க அந்த ஒரு வருசம் இருக்கிறது.

அப்புறம் ஒரு நாள், கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டப்போகிறேன் என்றாள். மதுரைப் பையன்தான், சௌராஷ்டிரா வீடு. எங்கள் எதிர்வீட்டுக்காரியும் அவர்கள் ஆள்தான். இருபது வருசமாக அவள் வீட்டில் நானும் என் வீட்டில் அவளும் உரிமையோடு அடுப்படி வரைக்கும் போய்வருகிறவர்கள். அதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. எங்கள் சனம் என்ன சொல்லும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"அவங்க வீட்டுக்குள்ள வேற பாஷை பேசுவாங்க. நீ ஊமையாவா உக்காந்திருப்ப?" என்று கேட்டேன்.

"ஒம் பேச்சக் கேட்டே வளந்தவ நான். கொஞ்ச நாளு ஒண்ணும் புரியாம இருந்தா சொகம்தான்" என்றாள்.

வாயாடி. என் வாய்தான். நானும் விடவில்லை. "அவன் கட்டுன தாலியோட என் வாசப்படி ஏறாத" என்றேன்.

"ஏறல" என்றாள். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எதிர்வீட்டுக்காரி போய்விட்டு வந்து, கேட்காமலே எல்லாம் சொன்னாள். கடைசியில் ஒன்று சொன்னாள்: "எங்க வீட்டுப் புளியோதரை எறங்குச்சு, எங்க வீட்டுப் பையன் மட்டும் ஒனக்குத் தொண்டையில நிக்கிறானாக்கா?"

ரெண்டு மாசம் போனது. ஒரு நாள் நாலு மணிக்குச் சும்மா கிடக்க முடியாமல் போனைத் திறந்து யானையை எடுத்தேன். எட்டு வண்டி வரிசையில் நின்றது. என் பக்கத்தில் பச்சை வண்டி, முயல். மேலே அவள் பேர். எழுத்தெழுத்தாகக் கூட்டி ரெண்டு தடவை வாசித்தேன். அவள் பேர்தான்.

வண்டியை எடுக்காமல் நின்றுவிட்டேன். மற்ற வண்டியெல்லாம் போய்விட்டது. அவளும் அங்கே நாலு மணிக்கு என்னை மாதிரியே போனைத் திறந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு எட்டாவதாக வந்தேன். ஆனால் வயிறு நிறைந்திருந்தது.

அதிலிருந்து தினமும் நாலு மணி. சில நாள் வருவாள், சில நாள் வரமாட்டாள். வராத நாள் உடம்புக்கு என்னவோ என்று இருக்கும். வந்தால் அவள் ஓட்டுகிறதைப் பார்த்தே மனசைப் படிப்பேன். என் முன்னால் சோப்புத் தண்ணியை ஊற்றினால் இன்னும் கோபம் ஆறவில்லை. கையில் தேன்கூடு வைத்திருந்தும் எறியாமல் என்னைத் தாண்டிப் போனால், சரி, கொஞ்சம் இறங்கியிருக்கிறாள். பொங்கலன்றைக்கு மூன்று ஆட்டத்துக்கும் வந்தாள். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரியிடம் "எம் மக என்னைய மறக்கல" என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். நானும் விளக்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள்தான் அதைச் செய்தேன். நான் முதல், அவள் ரெண்டாவது. முடிகிற இடத்தில் ரோட்டின் குறுக்கே வெள்ளைக்கோடு இருக்கும். கோட்டுக்கு நாலு மாட்டு நீளத்தில் விரலை எடுத்துவிட்டேன். யானை நின்றது. பச்சை வண்டி என்னைத் தாண்டிப் போனது. முயல் வண்டியைவிட்டு எழுந்து துள்ளிக் குதித்தது. எனக்குக் கண்ணில் தண்ணி வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று இருந்தது. அன்றையிலிருந்து அவள் வருகிற நாளெல்லாம் அப்படித்தான். மூன்று வருசம். ஒருத்தரிடமும் தோற்காதவள், அந்தப் பச்சை வண்டியிடம் மட்டும் தோற்றேன்.

ஒரு நாள் வந்து கையைக் கழுவி இலை முன்னால் உட்காருவாள் என்று காத்திருந்தேன்.

போன தை முடிந்து எதிர்வீட்டுக்காரி ஒரு சேதி கொண்டுவந்தாள். மகள் அவளுக்குத்தான் போன் பண்ணியிருக்கிறாள். புருசனும் பொண்டாட்டியுமாக வெளிநாட்டுக்குப் போகிறார்களாம், திரும்புவதாக எண்ணம் இல்லையாம். பீரோவில் இருக்கிற படிப்புச் சர்டிபிகேட் வேண்டும், புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை காலையிலேயே கறிக்குழம்பு வைத்தேன். மாப்பிள்ளை கறி தொடமாட்டார் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னதால், அவருக்குத் தனிச் சட்டியில் கத்திரிக்காய்க் குழம்பு. ரெண்டு இலை அறுத்துத் துடைத்து வைத்தேன்.

பைக் தெருமுனையிலேயே நின்றது. மாப்பிள்ளை இறங்கவில்லை. மகள் மட்டும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். எங்கள் வாசலுக்கு மூன்று படி. முதல் படிக்குக் கீழே நின்றுகொண்டாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"எனக்கென்ன" என்றேன்.

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அது எப்போதோ சொல்லியாகிவிட்டதே, மூன்று வருசமாகச் சொல்கிறேனே என்றுதான் எனக்கு. கதவைத் திறந்து போட்டு நின்றிருந்தேன். அவளாக ஏறுவாள் என்று நினைத்தேன். ஏறவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நானே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ரெண்டு நாளா ஏன்டி வரல?"

"எங்க?"

"காருக்கு. ஒன்னையக் காணோமேன்னு பாத்தேன்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் முகம் மலர்ந்தது. "அந்தக் கேமா? அத இன்னுமாம்மா வச்சிருக்க? நான் கல்யாணமான மாசமே எடுத்துட்டேன். போன்ல எடம் பத்தல."

"பச்சை வண்டி வருதே. ஒம் பேரு போட்டு வருது."

"அது நான் இல்லம்மா, கம்ப்யூட்டரு. ஆளு கொறஞ்சா, கூட ஆட நம்ம சேத்து வச்சிருக்கவங்க பேரயும் வண்டியயும் எடுத்துக்கிட்டு அதுவா ஓட்டும்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னையே பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய் வேறு ஒன்று வந்தது. குரலும் இறங்கியது.

"ஏம்மா, நான்னு நெனச்சுக்கிட்டா ஓட்டிக்கிட்டு இருந்த?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆமாம்டி, ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு முன்னால் நின்று உன்னைத்தான் போகவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் படியில் கால் வைக்கிற மாதிரிதான் நின்றாள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ச்சே. எனக்குத் தெரியாதா? சும்மா கேட்டேன்."

"அதானே" என்றாள்.

உள்ளே போய் சர்டிபிகேட் கவரை எடுத்தேன். அடுப்படியில் இலை ரெண்டும் இருந்தது. தண்ணிச் செம்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கீழே நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். கவரைப் பிரித்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். "வாரேம்மா" என்றாள். போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் தலையை ஆட்டினேன். பைக் திண்டுக்கல் ரோட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுக்காரி கத்திரிக்காய்க் குழம்பை வாங்கிக்கொள்ள வந்தாள். எல்லாவற்றையும் அவள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"வான்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாய் வலிச்சிருச்சாக்கா?"

"கதவு தொறந்துதானே கெடந்துச்சு."

"தொறந்த கதவ மறிச்சுக்கிட்டு நீதானக்கா நின்ன."

அது எனக்குத் தெரியாது. ஒதுங்கி நின்றேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு மாசத்தில் அவர்கள் போய்விட்டார்கள். அவளுடைய பழைய நம்பரை எதிர்வீட்டுக்காரி போட்டுக் கொடுத்தாள், ரெண்டு தடவை. அப்படி ஒரு நம்பர் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். புது நம்பரை எதிர்வீட்டுக்காரி விசாரித்து வாங்கித் தருகிறேன் என்கிறாள். வாங்கித் தந்தாலும் எடுத்த எடுப்பில் என்ன சொல்லிப் பேசுவது? வெறுமனே நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் போனைத் தொடவில்லை. நேற்று நாலு மணிக்குத் திறந்தேன். எட்டு வண்டி நின்றது, நடுவில் பச்சை வண்டி. இன்றைக்கு இதை விடக் கூடாது என்று ஓட்டினேன். அது யாரும் இல்லை, வெறும் மிசின் என்று தெரிந்துதான் ஓட்டினேன். தேன்கூட்டை ரெண்டு தடவை அதன் மேல் எறிந்தேன். கடைசித் திருப்பத்தில் நான் முதல், அது எனக்குப் பின்னால்.

வெள்ளைக்கோடு வந்தது. விரல் தன்னால் விலகிக்கொண்டது. பச்சை வண்டி போனது. முயல் துள்ளிக் குதித்தது.