அத்தான் வாங்கிய ஆற்றங்கரைக் காணி

அத்தான் அந்த வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்தபோது அக்கா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். சாம்பல் கோடுகளுக்கு நடுவே ஒரு துண்டுக்கு மட்டும் அத்தான் பச்சைப் பென்சிலால் நிறம் தீட்டியிருந்தார். அதன் ஒரு பக்கம் முழுவதும் லிப்பே ஆறு வளைந்து போனது. அக்கா கத்தியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"வீடு எந்த இடத்தில வரும்?"

"அதில வீடு கட்ட ஏலாது."

"அப்ப என்ன வரும்?"

"புல்லு."

கத்தி நின்றது. "வீடு வாங்க வைச்ச காசில புல்லு வாங்கப் போறீங்களோ?" என்று கேட்டாள் அக்கா.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் ஒன்று அது. நான் அக்காவின் தங்கை. பத்து வயதில் ஜெர்மனியின் ஹம் நகருக்கு வந்து, மூன்றாம் மாடி வாடகை வீட்டில் அவர்களோடு வளர்ந்தவள். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அத்தானோ நகருக்கு வெளியே ஒரு மாட்டுப்பண்ணையில் பதினான்கு வருடமாகப் பால் கறக்கும் கொட்டிலில் நின்றவர். பண்ணையின் கீழ்ப்புறம், ஆற்றை ஒட்டி ஒரு புல்வெளி இருந்தது. மாரியில் பாதி நீருக்குள் கிடக்கும். பண்ணைக்காரர் அதை ஒருநாளும் உழுததில்லை. வசந்தம் தொடங்கியதும் கறுப்பும் வெள்ளையுமாய்ப் பறவைகள் வந்து அங்கே முட்டையிடும். ஜெர்மன்காரர்கள் கீபிட்ஸ் என்பார்கள். அத்தான் அவற்றை ஆட்காட்டி என்றுதான் சொல்வார். கூடு என்று சொல்ல எதுவும் இருக்காது. நிலத்தில் ஒரு சின்னக் குழி, அதில் மண் நிறத்திலேயே நான்கு முட்டைகள், அவ்வளவுதான். புல் வெட்டும் இயந்திரம் இறங்குவதற்கு முன் அத்தான் அந்த வெளி முழுவதும் நடந்து, ஒவ்வொரு குழியிலிருந்தும் சில அடி தள்ளி ஒரு தடி நட்டுவிட்டு வருவார். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. ஒருமுறை நானும் கூடப் போனேன். "காலைப் பாத்து வை பிள்ளை," என்றார். "எங்கட ஊர் ஆட்காட்டிக்கு இவை சொந்தக்காரர்தான். கொண்டை மட்டும் புதுசு."

பண்ணைக்காரருக்கு முழங்கால்கள் இயலாமல் போயின. பிள்ளைகள் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்தார்கள். மாடுகளும் பண்ணையும் அவர்களுக்கு வேண்டாம். மேட்டு வயல்களும் மாட்டுக்கொட்டிலும் உடனே விலைபோயின; வாங்கியவரிடமே அத்தான் வேலையைத் தொடர்ந்தார். ஆற்றங்கரைத் துண்டைப் பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்டார். வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, உழுது, சோளம் போடுவது அவருடைய திட்டம். அவரையும் குறைசொல்ல முடியாது. அவருக்கும் மாடுகள் இருந்தன. ஆனால் விற்கவிருந்த கிழவர் அத்தானைக் கூப்பிட்டு, நீ வாங்குகிறாயா என்று கேட்டார். அக்கா ஒரு கிழமை அத்தானோடு பேசவில்லை. பிறகு, "சரி, எங்கட பேரில ஒரு காணி எண்டாவது இருக்கட்டும்," என்றாள்.

ஆனால் பயிர்நிலத்தை யாரும் நினைத்தபடி வாங்கிவிட முடியாது, அதற்கு அனுமதி வேண்டும், விவசாயிகளுக்கே முதலிடம் என்பதெல்லாம் விண்ணப்பம் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விவசாய அலுவலகத்திலிருந்து விசாரிக்க அழைத்தார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். அந்த அதிகாரி மென்மையாகவே பேசினார். அத்தான் பண்ணையில் வேலை செய்பவரே தவிர விவசாயி அல்ல என்றார். கடைசியாக, இந்த நிலத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "ஒண்டும் செய்யமாட்டன் எண்டு சொல்லு, பிள்ளை."

அதை அப்படியே ஜெர்மனில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. படித்த ஒருவர் முன்னால் அத்தான் விவரமில்லாதவராகத் தெரிவாரே என்று, "மாடு மேய்ப்பார், பறவைகளையும் பாதுகாப்பார்" என்று அழகுபடுத்திச் சொன்னேன். எப்படிச் சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிராது. மூன்று கிழமையில் மறுப்புக் கடிதம் வந்தது. ஆனாலும், இத்தனை வருடம் கழித்தும், அந்தப் பதிலை நான் மாற்றிச் சொன்னது உறுத்துகிறது. அந்த அறையில் சொல்லப்பட்ட மிகச் சரியான வார்த்தை அவருடையதுதான்.

அந்த ஊரில் ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இருந்தது. அதன் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தடி நடும் மனிதராக அத்தானை ஏற்கெனவே அறிந்திருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சங்கம் வாங்கினால் அனுமதி கிடைக்கும், ஆனால் சங்கத்திடம் பாதிப் பணம்தான் இருக்கிறது என்றார். மீதிப் பாதியை அத்தான் கொடுக்கலாம், சங்கம் விடும் மாடுகளை அவரே அங்கு மேய்க்கலாம். ஆனால் அவருடைய பெயரும் சேர்ந்தால் பழைய சிக்கல் திரும்பி வரும். நிலத்தின் உறுதிப் பத்திரம் சங்கத்தின் பெயரில் மட்டும்தான் இருக்க முடியும்.

அவர் போனதும் அக்கா கேட்டாள். "காசும் குடுத்து, உறுதியும் எங்கட பேரில இல்லையோ?"

அத்தான் அப்போது சொன்ன கதையை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. சண்டை நின்றிருந்த சமாதானக் காலத்தில் அவர் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய தகப்பனின் காணி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. உறுதியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு முள்கம்பித் தடைவரை நடந்திருக்கிறார்.

"காவலுக்கு நிண்ட பொடியன் உறுதியை வாங்கி இரண்டு பக்கமும் பாத்தான். மரியாதையாத்தான் திருப்பித் தந்தான். போகச் சொன்னான். தடைக்கு அங்கால எங்கட கிணத்தடிப் பனை தெரிஞ்சது. அங்க உறுதி எங்களிட்ட இருக்கு, காணி இல்லை. இஞ்ச காணி இருக்கட்டும். உறுதி ஆரிட்ட இருந்தா என்ன?"

அக்கா சம்மதித்தாள் என்று சொல்லமாட்டேன். மறுநாள் வங்கிப் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். அவ்வளவுதான்.

இங்கே காணி உறுதி எழுதும் நொத்தாரிசு, ஒப்பந்தம் முழுவதையும் உரக்க வாசிக்கவேண்டும் என்பது சட்டம். வாங்குபவரும் விற்பவரும் பெரிய மேசையில் இருந்தார்கள். அத்தான் இரண்டிலும் சேராதவர். சுவரோரக் கதிரையில், கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்து காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த நிலம் ஒருபோதும் உழப்படக்கூடாது என்ற வரி வந்ததும் என் கையைப் பிடித்தார். "அதை இன்னொருக்காச் சொல்லு." சொன்னேன். இம்முறை எதையும் மாற்றவில்லை.

அடுத்த வருடம் கரையைக் கட்டிவைத்திருந்த கற்களை அகற்றினார்கள். ஆறு தன் விருப்பத்துக்குப் பரவத் தொடங்கியது. முதல் மாரியிலேயே வெளியின் ஒரு மூலை கரைந்து போனது. "காசு ஆத்தோட போகுது," என்றாள் அக்கா. அத்தான் சிரித்தார். வசந்தத்தில் ஆட்காட்டிகள் முன்னைவிட அதிகமாக வந்தன. இயந்திரம் இறங்காததால் இனித் தடி நடவும் தேவையில்லை. வேலை முடிந்து வரும்போது அத்தான் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி நான்கு வசந்தங்கள் அவருக்குக் கிடைத்தன. ஐந்தாவது தொடங்கும் முன், மாசி மாதத்து ஒரு காலையில், கொட்டிலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சக்கர நாற்காலியில் செத்தவீட்டுக்கு வந்த பழைய பண்ணைக்காரர் அக்காவின் கையை விடாமல் பிடித்திருந்தார். இருவருக்கும் பொதுவாய்ப் பேச மொழி போதவில்லை.

சில மாதம் கழித்து ஆசிரியை மறுபடி வந்தார். புல்வெளியின் வாசலில் அத்தானின் நினைவாக ஒரு பலகை வைக்க விரும்புகிறார்கள். மாதிரியைத் தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தார். தகப்பன் பெயரும் அவர் பெயருமாக முழுப்பெயரும் ஒரே வரியில் அடங்கவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். முதலெழுத்துகளை மட்டும் போடலாமா, அல்லது பண்ணையில் அவரைக் கூப்பிட்ட குறுகிய பெயரைப் போடலாமா என்று கேட்டார்.

நான் அதை அக்காவிடம் சொன்னேன். அக்கா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள். வீடும் இல்லை, உறுதியில் பெயரும் இல்லை என்ற கோபம் அவளுக்கு முழுதாகப் போய்விடவில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"பேரைக் குறைக்கவேண்டாம்," என்றாள். "பலகையைப் பெரிசாக்கச் சொல்லு."

அப்படியே மொழிபெயர்த்தேன். அந்தப் பாதையில் மற்றப் பலகைகளெல்லாம் இரண்டு கால்களில் நிற்கின்றன. அத்தானுடைய பலகைக்கு மூன்று கால்கள்.