கால் வெந்தது எனக்குத் தெரியவில்லை

போன சித்திரையில் என் வலது காலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். துளி வலி இல்லாத காலை. வலி இல்லாததுதான் வினையே.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், ஓட்டல் வேலை என்று ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் ராணுவத்தில் சமையல்காரனாகச் சேர்ந்தேன். மலைப்பாதையில் எங்கள் வண்டி உருண்டதில் முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலி வந்தபிறகும் நான் ஓர் ஊரில் தங்கவில்லை. திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் ரோட்டில் வள்ளியக்கா வீட்டின் கீழ் அறையை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு கிரிவலம் முடித்துவிட்டுக் கிளம்புவதாக எண்ணம்.

மலையை வெறுங்காலோடு சுற்றுவதுதான் முறை. நடக்காதவனுக்கும் அது பொருந்தும் என்று நானே முடிவு செய்து, ஷூவைக் கழற்றி அறையிலேயே வைத்தேன். கூட்டத்துக்குப் பயந்து பௌர்ணமியைத் தவிர்த்து, ஒரு சாதாரண நாளில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். பதினான்கு கிலோமீட்டரும் நானே சக்கரத்தைத் தள்ளினேன். கோபுரத்தின் முன் வந்து கும்பிட்டபோது மணி ஒன்றரை. அத்தனை நேரமும் என் வலது பாதம் வேட்டிக்கு வெளியே, நாற்காலியின் இரும்புப் படியில், வெயிலில் இருந்தது. கை கொப்பளித்தது தெரிந்தது. கால் வெந்தது தெரியவில்லை.

நாலாம் நாள் குளிர்காய்ச்சல். அறையில் நாற்றம். எலி செத்திருக்கும் என்று கட்டிலுக்கு அடியில் தேடிய வள்ளியக்கா, என் போர்வையை விலக்கியதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, எலி இல்லப்பா. உன் காலு!"

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பார்ப்போம், அழுகல் மேலே ஏறிக்கொண்டே போனால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள். நடக்காத கால்தான். ஆனாலும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது ஊன்றிக்கொள்ள எனக்கு அதுதான் துணை. ஜன்னலில் மலை கொஞ்சம் தெரிந்தது. அதைப் பார்த்து அழுதேன். "அண்ணாமலையாரே, உன்னைச் சுத்தினதுக்கு இதுவா கூலி? காலைத் திருப்பிக் குடு. இல்ல, ஆளையே எடுத்துக்கோ" என்று கேட்டேன். அது பிரார்த்தனை என்றே அப்போது தோன்றவில்லை.

மறுநாள் வார்டுக்குள் இன்னொரு சக்கர நாற்காலி வந்தது. பெருமாள், முன்னாள் ஹவில்தார். என்னைப் போலவே முதுகு உடைந்து பதினாறு வருடம் ஆனவர். நான் அழுத அன்று பட்டா வேலையாக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்த வள்ளியக்கா, வாசலில் அவரைப் பார்த்து மடக்கியிருக்கிறார். "எங்க வீட்ல ஒரு மிலிட்டரிக்காரரு கால வேக வெச்சிக்கினு ஆஸ்பத்திரில கெடக்கறாரு, வந்து பாருங்க" என்று கேட்டிருக்கிறார்.

பெருமாள் கட்டைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"சமையக்காரன்தானே நீ? தோசைக்கல்லு சுடும்னு தெரியாது?"

"சாமிய சுத்தறப்ப ஷூ போடலாமாண்ணே?"

"பூட்ஸுக்குத் தினம் பாலிஷ் போட்ட இல்ல? உள்ள இருக்கற கால என்னிக்காவது பாத்தியா?"

அவரே டாக்டரிடம் பேசினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் பார்த்துப் பழகிய வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போன் போட்டார். அன்று மாலையே என்னை மாற்றினார்கள். செத்த சதையை எடுத்துவிட்டு, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போயின. பாதம் தப்பித்தது.

பெருமாள் பென்ஷன் விஷயமாக அந்த ஆபீசுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் வருவாராம். நான் கேட்ட அதே நாள். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது தினமும் காலையில் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் இடுப்பையும் பார்க்கிறேன். ஊரை விட்டுக் கிளம்பவில்லை. மார்கழியில் மறுபடி சுற்றினேன், சாக்ஸ், ஷூ போட்டு, படியில் துணி சுற்றி. வழியில் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"கிரிவலத்துல ஷூவா? கழட்டுப்பா."

"மாட்டேங்க. இந்தக் கால அவர்கிட்ட சண்ட போட்டு வாங்கியிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு வழி விட்டார்.

என்னைப் போல உடம்பில் பாதி தெரியாமல் வாழ்கிறவர்கள் இதைப் படித்தால், தயங்காமல் அண்ணாமலையாரிடம் கேளுங்கள். அழுதும் கேட்கலாம், கோபித்தும் கேட்கலாம். உதவி திட்டிக்கொண்டே வந்தாலும் உள்ளே விடுங்கள். ஒரு நாள் இங்கே வாருங்கள், ஷூ போட்டுக்கொண்டு. வெயில் ஏறும் முன் புறப்படலாம். நானும் கூட வருகிறேன்.