விழுந்த கப்பல்கள்

அந்தத் தெருவில் பல் செட் செய்கிறவர் அவர் ஒருவர்தான். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பின்னறையில் மெழுகும் பிளாஸ்டருமாக உட்கார்ந்திருப்பார். நண்பர்கள் இருவருக்கு மட்டும் அவர் கமாண்டர். அவரே உருவாக்கிய விண்வெளிப் போர் ஆட்டம் கொடுத்த பெயர் அது. சாப்பாட்டு மேசை நிறைய அறுகோண அட்டைகளைப் பரப்பினால் அதுதான் வானம். ஈறு செய்து மிஞ்சிய இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்தவை கப்பல்கள். ஆளுக்கொரு தாய்க்கோள். அதைப் பறிகொடுத்தவர் தோற்றார்.

ஞாயிறு காலையில் பள்ளி வேன் ஓட்டுகிறவரும் மருந்துக்கடைக்காரரும் வந்துவிடுவார்கள்.

"கமாண்டர், இன்னைக்கு உங்க கோள்ல குடிவரலாம்னு இருக்கேன்" என்று வாசலிலேயே ஆரம்பிப்பார் டிரைவர்.

"வாடா, கூட்டிப் பெருக்க ஆள் இல்லாமத்தான் கஷ்டப்படறேன்."

பிறகு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நரம்பு சம்பந்தப்பட்டது, போகப்போக அதிகமாகும் என்றார்கள். அவர் கட்டிய பல் வரிசை ஒன்று கோணல் என்று திரும்பி வந்த அன்றே வேலையை நிறுத்திக்கொண்டார். மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைதான். ஆட்டத்திலும் கை பட்டுக் கப்பல்கள் சரியும். "இருங்க, நான் வெக்கிறேன்" என்று யாராவது குனிந்து எடுத்து நிறுத்துவார்கள். ஆனாலும் பெரும்பாலும் அவர்தான் ஜெயித்தார். "கைதான் போச்சு, தலை அப்படியே இருக்கு" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு நினைப்பில்தான் வாரத்தின் மற்ற நாட்களை ஓட்டினார்.

மாடியில் குடியிருந்த தங்கை, கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதுகிறவள். ஆட்டத்தையே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம் என்றாள். மவுஸ் வேண்டாம், பெரிய கட்டைகள் கொண்ட கீபோர்டு போதும். விரல் நடுங்கி ஒரே கட்டையைப் பலமுறை தட்டினாலும் ஒரு தட்டாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதினாள். விதிகளைக் கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்தினாள்.

"ரெண்டு பேர் ஒரே கட்டத்துக்கு வந்தா என்ன ஆகும்ணே?"

"பேசித் தீத்துக்குவோம்."

"கம்ப்யூட்டருக்குப் பேசத் தெரியாது. விதியைச் சொல்லு."

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். தன் ஆட்டத்தில் இத்தனை விதிகள் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழுதியது சரியா என்று பார்க்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அவர்கள் மேசையில் ஆடும்போது ஒவ்வொரு நகர்த்தலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் அதை அப்படியே கம்ப்யூட்டரில் பதிவு செய்வாள். கடைசியில் மேசையும் திரையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இருக்கவில்லை. மேசையில் கமாண்டர் ஜெயித்திருந்தார். திரையில் அவருடைய கோள் டிரைவர் கைக்குப் போயிருந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதை.

"உன் மெஷின் என் மேல ஏதோ கடுப்புல இருக்கு. ஒழுங்கா சரி பண்ணு" என்று சிரித்தார் அவர்.

அவள் வாரம் முழுவதும் தேடினாள். பிறகு கீழே வந்து, "புரோகிராம்ல தப்பில்ல. நான்தான் எதையோ பதியாம விட்டிருப்பேன்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எதையும் விடுகிற ஆள் இல்லை அவள்.

"முதல்லேருந்து ஒவ்வொண்ணா ஓட்டு."

"விடுண்ணே."

"ஓட்டுன்னு சொல்றேன்ல."

திரையில் நகர்த்தல்கள் வரிசையாக ஓடின. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. ஓரிடத்தில் அவருடைய மூன்று காவல் கப்பல்கள் கோளின் எல்லைக்கு வெகுதூரத்தில் நின்றன. மேசையில் அவை எல்லையிலேயே அல்லவா நின்றன? அதற்குச் சற்று முன்புதான் அவர் கை பட்டு அவை சரிந்திருந்தன. மருந்துக்கடைக்காரர் குனிந்து எடுத்து எல்லையில் நிறுத்தியிருந்தார். இன்னும் இரண்டு இடங்களிலும் அப்படியே. தங்கை கம்ப்யூட்டரை அணைத்தாள்.

ஞாயிறு வந்தது. மேசை மேல் அட்டைகள் இல்லை, திரைதான் இருந்தது.

"மேசையில ஆடினாத்தான் கமாண்டர் நல்லாருக்கும்" என்றார் டிரைவர்.

"இதுல எதுவும் விழாது. நீங்க குனிய வேண்டியதில்ல."

நாற்காலியை இழுத்த மருந்துக்கடைக்காரர் உட்காராமல் நின்றார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் அவர்.

"ஒரு வருஷம் இருக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர். "கெட்ட எண்ணத்துல இல்ல கமாண்டர்."

"தெரியும். கெட்ட எண்ணமா இருந்தா சண்டை போட்டிருப்பேன். இதுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல. உக்காருங்க."

ஆடினார்கள். வழக்கமான கிண்டல் எதுவும் எழவில்லை. வெகுநேரம் கழித்து டிரைவரின் படை அவருடைய கோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. காவல் எதுவும் இல்லை. டிரைவர் அதைக் காணாதவர்போல வேறு கப்பலைத் தேர்ந்தெடுத்தார்.

"டேய், என் கோள் தொறந்து கிடக்கு."

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

டிரைவரின் விரல் கட்டையின் மேலேயே நின்றது. கமாண்டர் காத்திருந்தார். நடுங்கிய கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் டிரைவர் கப்பலை மாற்றிக் கட்டையை அழுத்தினார். கோளின் நிறம் மாறியது.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"வலது பக்கம் ஏன் காலியா விட்டீங்க?" என்று கேட்டார் டிரைவர். குரலில் நிஜமான கோபம் இருந்தது. "சின்னப் பையன்கூட அப்படி விடமாட்டான்."

"நீ இடது பக்கம் வருவேன்னு நெனச்சேன்" என்றார் கமாண்டர். "தப்பாத்தான் நெனச்சிருக்கேன்."